பிள்ளை சொன்னால்தான் நமக்குத் தெரியும்

(அதிராம்பட்டினத்தில் நடந்த பெற்றோர் கூட்டத்தில், நம் அறக்கட்டளையின் கல்விக் குழு சார்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

வளரும் பிள்ளைகளிடம் எப்படிப் பேசுவது என்பது பற்றிக் கொஞ்ச நேரம் பேசலாம் என்று உங்களை அழைத்தோம். கல்வி உதவி, கட்டண உதவி என்று எங்களிடம் வரும் குடும்பங்கள் விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு எழுந்து போகும்போது, வாசற்படியில் நின்று சொல்லும் ஒரு வார்த்தை உண்டு. "படிப்பெல்லாம் இருக்கட்டும், முதல்ல இந்தப் புள்ள எங்ககிட்ட வாயத் திறந்து பேசினா போதும்" என்பதுதான் அது. பத்து வயது வரை ஓயாமல் பேசிக்கொண்டிருந்த பிள்ளை பதின்மூன்று, பதினான்கில் சட்டென்று அமைதியாகிவிடுகிறது. கேட்டால் "ஒண்ணுமில்ல" என்கிறது. அந்த "ஒண்ணுமில்ல"வைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

நமக்குத் தெரிவது எப்படி?

நம் ஊர் சின்ன ஊர். பையன் கடைத்தெருவில் யாரோடு நின்றான் என்பது அவன் வீடு திரும்புவதற்குள் வீட்டுக்குத் தெரிந்துவிடும். பெண் பிள்ளை பள்ளிக்கூட வாசலில் யாரிடம் பேசினாள் என்பது அசர் முடிவதற்குள் நாலு வீட்டுக்குத் தெரியும். இத்தனை கண்கள் பார்க்கும்போது நம் பிள்ளை நமக்குத் தெரியாமல் என்ன செய்துவிடப் போகிறது என்று நாம் தைரியமாக இருந்துவிடுகிறோம்.

2000-ம் ஆண்டில் சுவீடன் நாட்டில் ஸ்டாட்டின், கெர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பதினான்கு வயதுப் பிள்ளைகளையும் அவர்களின் பெற்றோரையும் தனித்தனியே கேட்டு, பிள்ளைகள் வெளியே எங்கே போகிறார்கள், யாரோடு பழகுகிறார்கள் என்பது பெற்றோருக்கு எந்த வழியாகத் தெரிகிறது என்று பார்த்தார்கள். துருவித் துருவிக் கேட்டதாலா, கட்டுப்பாடு போட்டதாலா, அல்லது பிள்ளை தானாகச் சொன்னதாலா? விடை தெளிவாக வந்தது. பெற்றோருக்குத் தெரிந்ததில் பெரும்பங்கு பிள்ளை தானாக வந்து சொன்னதால் தெரிந்தது.

சுவீடனுக்கும் அதிரைக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் இதை நம் வீட்டில் வைத்து யோசித்துப் பாருங்கள். தெருக் கண்கள் பார்ப்பது தெருவில் நடப்பதை மட்டும்தான். பிள்ளையின் கையில் இருக்கும் போனுக்குள் என்ன நடக்கிறது, வகுப்பறையில் யார் அவனைக் கேலி செய்கிறார்கள், இரவு இரண்டு மணிக்கு அவள் ஏன் விழித்திருக்கிறாள் என்பதெல்லாம் எந்தக் காக்காவுக்கும் எந்த மாமிக்கும் தெரியாது. அதைப் பிள்ளை சொன்னால்தான் நமக்குத் தெரியும். ஆகவே நம் கேள்வி, "எப்படிக் கண்காணிப்பது" என்பதல்ல. "பிள்ளை வந்து சொல்லும்படி நாம் எப்படி இருப்பது" என்பதுதான்.

சொன்ன பிறகு வரும் ஒரு நிமிடம்

பிள்ளை அடுத்த முறை சொல்லுமா சொல்லாதா என்பது, இந்த முறை சொன்னதும் என்ன நடந்தது என்பதைப் பொறுத்தது. ஒரு பையன் வந்து, "உம்மா, எங்க வகுப்புல ஒருத்தன் சிகரெட் குடிக்கிறான்" என்கிறான். நாம் உடனே கேட்பது, "நீயும் குடிச்சியா?" அவன் சொல்ல வந்தது வேறு. தன்னையும் கூப்பிடுகிறார்கள், மறுத்தால் கூட்டத்தில் சேர்க்கமாட்டார்களே, என்ன செய்வது என்று கேட்க வந்திருப்பான். நம் முதல் கேள்வியிலேயே அவன் குற்றவாளிக் கூண்டில் ஏறிவிட்டான். இனி அவன் அந்த நண்பனைப் பற்றி மட்டுமல்ல, எந்த நண்பனைப் பற்றியும் வீட்டில் பேசமாட்டான்.

அந்த முதல் நிமிடத்தில் செய்யவேண்டியது மிக எளிது. கையிலிருக்கும் வேலையைக் கீழே வையுங்கள். "சரி, அப்புறம்?" என்று கேளுங்கள். அவன் முழுதாகச் சொல்லி முடிக்கும் வரை புத்தி சொல்லாதீர்கள். முடித்ததும், "இதுல நீ என்ன செய்யலாம்னு நினைக்கிறே?" என்று ஒரு கேள்வி. பாதி நேரம் அவனே சரியான பதிலைச் சொல்லிவிடுவான். நாம் சொல்ல நினைத்த புத்திமதி அவன் வாயிலிருந்தே வந்துவிடும். வராவிட்டால் அப்போது நாம் சொல்லலாம். அதுவரை கேட்கப்பட்டவன் என்பதால், அவனும் நம்மைக் கேட்பான்.

இரண்டாவது, சொன்னதை வெளியே கொண்டுபோகாமல் இருப்பது. நம் ஊரில் பெரும்பாலும் பெண் பிள்ளைக்குத்தான் வீடு. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருகிறார். அதனால் ஒரே வீட்டில் உம்மா, உம்மம்மா, சின்னம்மா, ராத்தா என்று பலர் இருக்கிறார்கள். இது பெரிய பாக்கியம். பிள்ளை ஒரு நாளும் தனியாக நிற்காது. ஆனால் இதில் ஒரு சிக்கலும் உண்டு. மகள் உம்மாவிடம் மட்டும் சொன்னது அடுப்படியில் சின்னம்மாவுக்குப் போய், அங்கிருந்து வாட்ஸ்அப் வழியாக ஜித்தாவுக்கும் கோலாலம்பூருக்கும் போய், இரவுச் சாப்பாட்டு நேரத்தில் எல்லோர் வாயிலும் சிரிப்பாகத் திரும்பி வருகிறது. பிள்ளைக்கு அது சாதாரண விஷயமல்ல. பிள்ளை நம்மிடம் சொன்னது அமானிதம். பொருளை அமானிதமாகக் கொடுத்தால் எப்படிப் பொத்திப் பாதுகாப்போமோ, அப்படிப் பாதுகாக்க வேண்டியது. வேறொருவரிடம் சொல்லியே ஆகவேண்டிய விஷயமாக இருந்தால், "இதை வாப்பாகிட்ட சொல்லியாகணும், நீயும் கூட இரு, சேர்ந்து சொல்வோம்" என்று பிள்ளையிடம் முதலில் சொல்லுங்கள்.

யூசுப் நபி (அலை) அவர்களின் சரித்திரம் நாம் எல்லோரும் அறிந்தது. திருக்குர்ஆனின் 12-வது அத்தியாயம், ஒரு பிள்ளை தான் கண்ட கனவைத் தந்தையிடம் வந்து சொல்வதில்தான் அவர் கதையைத் தொடங்குகிறது. கேட்டதற்கு நம்பமுடியாத கனவு. தந்தை சிரிக்கவில்லை, அதட்டவில்லை. கேட்டுக்கொண்டார்; அதை அண்ணன்மாரிடம் சொல்லவேண்டாம் என்று பிள்ளைக்கு எச்சரிக்கையும் செய்தார். காது கொடுத்துக் கேட்பதும், கேட்டதைக் காப்பதும் அந்த ஓரிடத்திலேயே சேர்ந்து வருகின்றன.

இந்த வயதின் உடம்பும் மூளையும்

உலக சுகாதார நிறுவனம் 10 முதல் 19 வயது வரை உள்ளவர்களை வளரிளம் பருவத்தினர் என்கிறது. இந்தப் பருவத்தில் நடப்பவற்றில் சிலவற்றைத் தெரிந்துகொண்டால் பாதிச் சண்டை குறையும்.

முதலில் தூக்கம். இந்த வயதில் தூக்கத்தைக் கொண்டுவரும் சுரப்பு இரவில் தாமதமாகவே தொடங்குகிறது. பத்து மணிக்குப் படு என்றால் தூக்கம் வராது. காலையில் எழுப்பினால் எழ முடியாது. அவர்களுக்குத் தேவையோ எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம். அதில் போனையும் கையில் கொடுத்துவிட்டால் இரவு ஒரு மணி, இரண்டு மணி ஆகிவிடும். பஜ்ருக்கு எழுந்து, பிறகு பள்ளிக்குப் போகும் பிள்ளை எரிந்து விழுவதில் பாதி தூக்கக் குறைவு. அந்த நேரத்தில் நாம் தொடங்கும் எந்தப் பேச்சும் சண்டையில்தான் முடியும். காலை அவசரத்தில் பெரிய விஷயம் பேசாதீர்கள்.

அடுத்து மூளை. ஆசை, கோபம், பரபரப்பு ஆகியவற்றை இயக்கும் பகுதிகள் சீக்கிரம் வேகம் பிடித்துவிடுகின்றன. பின்விளைவை யோசித்து நிறுத்தும் முன்மூளைப் பகுதி முழுதாக முதிர இருபத்தைந்து வயது பக்கம் ஆகிறது. 2005-ல் அமெரிக்காவில் கார்ட்னர், ஸ்டைன்பெர்க் என்ற இருவர் கணினியில் வண்டி ஓட்டும் விளையாட்டைக் கொடுத்துச் சோதித்தார்கள். நண்பர்கள் பக்கத்தில் இருந்து பார்த்தபோது பதின்வயதினர் ஆபத்தான முடிவுகளைக் கூடுதலாக எடுத்தார்கள். 24 வயதைத் தாண்டியவர்களிடம் நண்பர்கள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பெரிய வேறுபாடு இல்லை.

இதை ராஜாமடம் பக்கம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வைத்துப் பாருங்கள். வீட்டில் நல்ல பிள்ளையாக இருப்பவன்தான் பின்னால் இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு பைக்கை முறுக்குகிறான். "எம்புள்ள அப்படியில்ல" என்று நாம் சொல்வது உண்மைதான். தனியாக இருக்கும்போது அவன் அப்படியில்லை. சட்டமும் நம் பக்கம் திரும்பியிருக்கிறது. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்தாகும். அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை ஓட்டுநர் உரிமமும் கிடைக்காது. வெளிநாடு போய் ஓட்டுநர் வேலை பார்க்கலாம் என்று இருக்கும் பையனுக்கு இந்தக் கடைசி வரியைச் சொல்லிப் பாருங்கள். "விழுந்து செத்துப்போவே" என்று நாம் பயமுறுத்துவதை விட இது அவன் காதில் ஏறும்.

சபுராளி வாப்பாவும் போனும்

இது நம் ஊருக்கே உரிய விஷயம். நம் வீடுகளில் பலவற்றில் வாப்பா துபாயிலோ, சவூதியிலோ, மலேசியாவிலோ, லண்டனிலோ இருக்கிறார். பிள்ளைக்கு அவர் போனில் வரும் முகம். அந்த முகம் வந்ததும் கேட்பது பெரும்பாலும் மூன்றே கேள்விகள். "நல்லா படிக்கிறியா? தொழுதியா? உம்மா சொல்றதக் கேக்குறியா?" மூன்றுக்கும் ஒரே பதில்தான், "ஆங்". பிறகு போன் உம்மா கைக்குப் போய்விடும். வாரத்துக்கு நான்கு முறை பேசினாலும் வாப்பாவுக்கும் பிள்ளைக்கும் நடுவே ஒரு பேச்சும் நடக்கவில்லை.

அந்தச் சகோதரர்கள் படும் பாடு நமக்குத் தெரியும். பன்னிரண்டு மணி நேர வேலை, அறையில் ஆறு பேர், பக்கத்தில் ஆள் இல்லாமல் பேச இடமில்லை. இருந்தாலும் சில சின்ன மாற்றங்களைச் செய்ய முடியும்.

ஒன்று, ஒவ்வொரு பிள்ளைக்கும் வாரத்தில் ஒரு தனி நேரம். துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால், சவூதி இரண்டரை மணி நேரம் பின்னால், மலேசியா இரண்டரை மணி நேரம் முன்னால். நம் இரவு ஒன்பதரை, துபாயில் எட்டு. விடுமுறை நாளில் பத்து நிமிடம் மூத்தவனுக்கு, அடுத்த நாளில் பத்து நிமிடம் இளையவளுக்கு என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பத்து நிமிடம் ஸ்பீக்கரில் போடவேண்டாம். உம்மா பக்கத்தில் நிற்கவும் வேண்டாம்.

இரண்டு, "ஆங்" என்று முடியாத கேள்வி கேளுங்கள். "இன்னிக்கு மேட்ச்ல யார் பந்து போட்டா? அந்தக் கணக்கு வாத்தியார் இன்னும் அப்படித்தானா? உன் கூட்டாளி திருச்சிக்குப் படிக்கப் போனானே, என்ன சொல்றான்?" பிள்ளையின் நண்பர்களின் பெயர் வாப்பாவுக்குத் தெரிந்திருக்கிறதா என்பதை ஓர் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். நீங்களும் உங்கள் நாளைப் பற்றிச் சொல்லுங்கள். வாப்பா எப்படிச் சம்பாதிக்கிறார் என்றே தெரியாமல் அந்தப் பணத்தில் வளரும் பிள்ளைகள் நம் ஊரில் அதிகம்.

மூன்று, தாய்மார்களுக்கு. "இரு, வாப்பா போன் பண்ணட்டும், சொல்லிடுறேன்" என்ற வார்த்தையைக் கூடியவரை தவிருங்கள். அதைச் சொல்லிச் சொல்லி வாப்பாவைத் தூரத்தில் இருக்கும் போலீஸாக ஆக்கிவிடுகிறோம். போன் மணி அடித்தாலே பிள்ளை மாடிக்கு ஓடுகிறது. உண்மையில் கண்டிக்கவேண்டிய விஷயத்தை அன்றைக்கே நீங்களே கண்டித்து முடித்துவிடுங்கள். வாப்பாவிடம் பிள்ளையின் நல்ல செய்தி முதலில் போகட்டும்.

நான்கு, ஊருக்கு வரும் வாப்பாமார்களுக்கு. இரண்டு வருடம் கழித்து நாற்பது நாள் விடுமுறையில் வருகிறீர்கள். விட்டுப்போனது பதின்மூன்று வயதுச் சிறுவன். வந்து பார்ப்பது மீசை முளைத்த பதினைந்து. முதல் வாரத்திலேயே முடிவெட்டு, உடை, போன், மார்க் என்று ஆய்வு நடத்தாதீர்கள். முதல் பத்து நாள் அவனோடு சும்மா இருங்கள். அவனைக் கூட்டிக்கொண்டு பட்டுக்கோட்டை போய் வாருங்கள். மீன் வாங்கப் போகும்போது கூப்பிடுங்கள். திருத்தவேண்டியதைப் பதினோராவது நாள் சொன்னால் அவன் கேட்பான்.

பெண் பிள்ளைகள் ஏன் சொல்வதில்லை

வயதுக்கு வந்த பிறகு நம் வீடுகளில் பெண் பிள்ளையைப் பற்றிய பேச்சு கூடிவிடுகிறது. பெண் பிள்ளையோடு பேசும் பேச்சு குறைந்துவிடுகிறது. வாப்பாவும் காக்காவும் அவளிடம் தேவைக்கு மட்டும் பேசுகிறார்கள். அவளுக்கும் போன் இருக்கிறது. அதில் முன்பின் தெரியாத ஒருவன் நல்ல வார்த்தை பேசி, ஒரு படத்தை வாங்கி, பிறகு அந்தப் படத்தை வைத்தே மிரட்டுவது எல்லா ஊரிலும் நடக்கிறது. நம் ஊர் அதற்கு விதிவிலக்கல்ல.

அப்படி மாட்டிக்கொண்ட பிள்ளை ஏன் வீட்டில் சொல்வதில்லை? அடிக்கு மட்டும் பயந்து அல்ல. சொன்ன மறுநாளே பள்ளிக்கூடம் நிற்கும், கல்லூரிக் கனவு போகும், அவசரமாக மாப்பிள்ளை பார்ப்பார்கள் என்பது அவளுக்குத் தெரியும். தப்புச் செய்தவன் எங்கோ சுகமாக இருக்க, தண்டனை முழுவதும் தனக்கு வரும் என்று அவள் கணக்குப் போட்டுவிடுகிறாள். அந்தக் கணக்கு சரியாக இருக்கும் வரை அவள் சொல்லமாட்டாள். மிரட்டுகிறவனுக்கும் அது தெரியும். "உன் வீட்டுல சொல்லவா?" என்பதுதான் அவன் கையில் இருக்கும் ஒரே ஆயுதம். அந்த ஆயுதத்தை அவனுக்குக் கொடுத்தது நம் வீட்டின் பயம்.

அதை அவன் கையிலிருந்து பிடுங்க வழி இருக்கிறது. எதுவும் நடப்பதற்கு முன்பே, இன்றைக்கே, மகளைப் பக்கத்தில் உட்கார வைத்து இப்படிச் சொல்லுங்கள்: "யாராவது உன்னை மிரட்டினா, என்ன நடந்திருந்தாலும் எங்ககிட்ட வா. உன் படிப்பை நிறுத்த மாட்டோம். முதல்ல அவனைப் பார்ப்போம், மத்ததை அப்புறம் பேசுவோம்." இதை உம்மாவும் சொல்லவேண்டும், வாப்பா போனிலாவது தன் வாயால் சொல்லவேண்டும். சொன்னால் அதில் நிற்கவும் வேண்டும்.

அப்படி ஒன்று வந்துவிட்டால், பணம் கொடுக்காதீர்கள்; கொடுத்தால் இன்னும் கேட்பான். மிரட்டல் செய்திகளை அழிக்காமல் அப்படியே படம்பிடித்து வையுங்கள். சைபர் குற்ற உதவி எண் 1930. தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் புகார் செய்யலாம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளை என்றால் 2012-ம் ஆண்டின் போக்சோ சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டப்படி பிள்ளையின் வாக்குமூலத்தை அவள் வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ, இயன்றவரை பெண் அதிகாரி ஒருவர், சீருடை இல்லாமல் வந்துதான் பதிவு செய்யவேண்டும். அவள் பெயரையோ அடையாளத்தையோ பத்திரிகையில் போடக் கூடாது. ஸ்டேஷனுக்குப் போனால் மானம் போய்விடும் என்று ஒதுங்குபவர்கள் இதைத் தெரிந்துகொள்ளவேண்டும்.

ஆண் பிள்ளைகளும் இதே மிரட்டலில் மாட்டுகிறார்கள். அவர்கள் இன்னும் குறைவாகவே சொல்கிறார்கள். மேலே சொன்ன அதே வார்த்தையை மகனிடமும் சொல்லுங்கள்.

தேர்வு முடிவு நாள்

ஒவ்வோர் ஆண்டும் மே மாதம் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ முடிவுகள் வருகின்றன. அன்று வீட்டில் வரும் முதல் வார்த்தை பல வருடம் மனதில் நிற்கும். "அடுத்த வீட்டுப் புள்ள எவ்வளவு?" என்பது அந்த முதல் வார்த்தையாக இருக்கவேண்டாம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-ல் மட்டும் நம் நாட்டில் 13,000-க்கும் அதிகமான மாணவர்கள் தங்கள் உயிரைத் தாங்களே போக்கிக்கொண்டார்கள். எல்லாமே தேர்வினால் அல்ல. ஆனாலும் இந்த எண்ணிக்கை நம்மை உலுக்கவேண்டும்.

தோற்றவர்களுக்கு அதே ஆண்டில் துணைத் தேர்வு இருக்கிறது. எழுதித் தேறினால் ஆண்டு வீணாகாது. ஐடிஐ, பாலிடெக்னிக் என்று வழிகள் இருக்கின்றன. கல்லூரிக்கு வெளியூர் போக முடியாதவர்களுக்கு நம் ஊரிலேயே 1955 முதல் காதிர் முகைதீன் கல்லூரி இருக்கிறது. இதையெல்லாம் முடிவு வருவதற்கு முந்தின வாரமே பேசிவிடுங்கள். "எந்த மார்க் வந்தாலும் சாயங்காலம் நாம ஒண்ணா உக்காந்து சாப்பிடுவோம்" என்று சொல்லி வையுங்கள்.

பிள்ளை சாப்பாட்டைக் குறைத்தால், நண்பர்களை விட்டு ஒதுங்கினால், தனக்குப் பிடித்த பொருட்களைப் பிறருக்குக் கொடுத்துவிட்டால், "நான் இல்லாட்டி உங்களுக்கு நிம்மதி" என்பது போலப் பேசினால், அதை நடிப்பு என்று ஒதுக்காதீர்கள். "செத்துப்போகணும்னு தோணுதா, வாப்பா?" என்று நேராகவே கேட்கலாம். அப்படிக் கேட்பதால் இல்லாத எண்ணம் வந்துவிடாது. மனதில் இருப்பது வெளியே வர வழி கிடைக்கும் என்றுதான் மருத்துவர்கள் சொல்கிறார்கள். ஆம் என்றால் தனியாக விடாதீர்கள். அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. இரவு பகல் எந்நேரமும், தமிழிலும் பேசலாம், கட்டணமில்லை. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. காய்ச்சலுக்கு மருத்துவரிடம் போவது போலத்தான் இதுவும். ஓதிப் பார்ப்பதும் துஆ செய்வதும் நம் வழக்கம். அதோடு மருத்துவரையும் பாருங்கள்.

"இடம் கொடுத்தால் தலைமேல் ஏறாதா?"

இப்படியெல்லாம் பேசினால் பிள்ளைகளுக்குப் பயம் விட்டுப்போகுமே என்று சில பெரியவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. 1960-களில் டயானா பாம்ரிண்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் பிள்ளை வளர்க்கும் முறைகளைப் பிரித்துப் பார்த்தார். கண்டிப்பு மட்டும் உள்ள வீடு, செல்லம் மட்டும் உள்ள வீடு, அன்பும் கண்டிப்பும் சேர்ந்து காரணத்தையும் விளக்கும் வீடு. மூன்றாவது வகை வீட்டுப் பிள்ளைகளே பொறுப்போடும் தன்னம்பிக்கையோடும் இருந்தார்கள். ஆக, கேட்பது என்றால் விட்டுக்கொடுப்பது என்று பொருளல்ல.

வீட்டுச் சட்டம் இருக்கட்டும். ஆனால் குறைவாக இருக்கட்டும். இருபது சட்டம் போட்டால் இருபதையும் காக்க நம்மாலேயே முடியாது. தொழுகை, இரவு வீடு திரும்பும் நேரம், உரிமம் வரும் வரை வண்டி இல்லை, இரவு பத்தரைக்குப் போன் ஹாலில் சார்ஜில், இந்த நான்கும் போதும். அந்தப் போன் சட்டம் உம்மாவுக்கும் வாப்பாவுக்கும் சேர்த்துத்தான். சட்டம் போடும்போது பிள்ளையையும் உட்கார வைத்து, "பத்தரை சரியா, பதினொண்ணா?" என்று கேளுங்கள். தானும் சேர்ந்து போட்ட சட்டத்தை மீறத் தயக்கம் வரும்.

இப்ராஹீம் நபி (அலை) அவர்கள் தம் மகனை அறுத்துப் பலியிடுவதாகக் கனவு கண்டார்கள். இறைவனின் கட்டளை அது. ஆயினும், அதை மகனிடம் எடுத்துச் சொல்லி, நீ என்ன கருதுகிறாய் என்று கேட்டதாகத் திருக்குர்ஆனின் 37-வது அத்தியாயம் சொல்கிறது. ஒவ்வொரு ஹஜ்ஜுப் பெருநாளிலும் நாம் அந்தத் தியாகத்தை நினைக்கிறோம். அந்தக் கேள்வியையும் நினைக்கவேண்டும். எந்தப் பாடம் படிப்பது, விடுதியில் சேர்வதா வேண்டாமா, எப்போது வெளிநாடு போவது, யாரை நிக்காஹ் செய்வது என்ற விஷயங்களில் பிள்ளையின் கருத்தைக் கேட்பது நம் கௌரவத்தைக் குறைக்காது.

வீட்டுக்குக் கொண்டு போக

கடைசியாக, எப்போது பேசுவது என்பது பற்றி ஒரு வார்த்தை. "இங்க வா, உக்காரு, உங்கிட்டப் பேசணும்" என்று எதிரில் உட்கார வைத்தால் பிள்ளைக்கு அது விசாரணை. பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்போது பேச்சு தானாக வரும். இஷா முடிந்து பள்ளிவாசலிலிருந்து சேர்ந்து நடந்து வரும்போது, மீன் ஆயும்போது, துணி மடிக்கும்போது, பேருந்தில் போகும்போது. வாய் பேசும் நேரத்தில் கைக்கு ஒரு வேலை இருந்தால் பிள்ளைக்குச் சுலபம். அவர்கள் பேச வருவது பெரும்பாலும் நமக்கு வசதியில்லாத நேரத்தில்தான். இரவு நாம் படுக்கப் போகும்போது வந்து கதவோரம் நிற்பார்கள். "நாளைக்குப் பேசுவோம்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

இன்று இரவு செய்ய ஒரே ஒரு காரியம் சொல்கிறோம். படிப்பு, தொழுகை, போன் இந்த மூன்றையும் தொடாமல் உங்கள் பிள்ளையோடு ஐந்து நிமிடம் பேசிப் பாருங்கள். முதல் நாள் கஷ்டமாக இருக்கும். பிள்ளையே சந்தேகமாகப் பார்க்கும். ஒரு மாதம் விடாமல் செய்யுங்கள். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது பிள்ளை தானாக வந்து சொன்ன ஒரு விஷயமாவது உங்களிடம் இருக்கும், இன்ஷா அல்லாஹ். அது என்ன என்று நாங்கள் கேட்கமாட்டோம். அது உங்களிடம் தரப்பட்ட அமானிதம்.

நம் பிள்ளைகளை நமக்குக் கண்குளிர்ச்சியாக ஆக்கி வைக்க இறைவன் அருள்புரிவானாக. வஸ்ஸலாம்.